கிராங்க் புல்லியும் முன் சீலும்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்று இல்லாவிட்டால் நாளை வரும். எஞ்சினின் முன்பக்கம் ஆயில் கசிகிறது. மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “முன் சீல் போயிருச்சுண்ணே, புல்லியும் சேத்துப் பாத்துருவமா?” என்கிறார். சீல் என்பது கிராங்க்சாஃப்ட் (பிஸ்டனின் அசைவைச் சுற்றாக மாற்றும் தண்டு) எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், சில நூறு ரூபாய்தான். அந்தத் தண்டின் முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்தான் புல்லி, அது சில ஆயிரம். கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றே. சீலை மட்டும் மாற்றலாமா, புல்லியையும் சேர்த்து மாற்றலாமா, பழைய புல்லிக்கு ஸ்லீவ் (தேய்ந்த இடத்தின் மேல் மாட்டும் மெல்லிய உலோக உறை) போட்டுச் சமாளிக்கலாமா, இல்லை ஆயில் ஊற்றி ஊற்றி இந்த சீசனை ஓட்டிவிடலாமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் வயதையும் பையில் இருக்கும் பணத்தையும் மட்டும் வைத்து இதை முடிவு செய்தால் திரும்பவும் கழற்ற நேரும். புல்லியின் கழுத்தில் சீல் உரசி ஓடும் இடம் என்று ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பரப்பு இருக்கிறது. அது எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்த வழி நிற்கும், எது நிற்காது என்று சொல்ல முடியும். கழற்றிப் பார்க்கும் முன்பு பேசும் விலையெல்லாம் உத்தேசம்தான்.

டேம்பர் புல்லி என்ன செய்கிறது

மெக்கானிக்குகள் கிராங்க் புல்லி என்பார்கள். ஸ்பேர் கடையில் டேம்பர் புல்லி என்று கேட்டால் கிடைக்கும். கம்பெனிப் புத்தகத்தில் ஹார்மானிக் பேலன்சர் என்று போட்டிருக்கும். கிராங்க்சாஃப்டின் முன்முனையில் ஒரு பெரிய நடு போல்ட்டில் நிற்கிற கனத்த வட்டு அது. பார்க்க ஒரே இரும்பு மாதிரி இருந்தாலும் மூன்று அடுக்கு. நடுவில் ஹப், அதைச் சுற்றி ரப்பர், அதற்கும் வெளியே கனமான இரும்பு வளையம். பெல்ட் ஓடும் வரிகள் அந்த வெளி வளையத்தில் இருக்கின்றன.

நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு முறை வெடிப்பு நடக்கும். 2000 ஆர்.பி.எம். வேகத்தில் நிமிடத்துக்கு 4000 அடி. ஒவ்வோர் அடிக்கும் கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. வெளி வளையம் தன் கனத்தால் பின்தங்க, நடுவில் ரப்பர் நெளிந்துகொடுத்து, அந்த முறுக்கைச் சூடாக மாற்றி விழுங்கிவிடுகிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் எஞ்சின் சூட்டில் நெளிந்துகொண்டே இருக்கும் ரப்பருக்கு ஆயுள் எவ்வளவு இருக்கும்? போதாக்குறைக்குக் கசியும் ஆயிலில் வேறு ஊறுகிறது.

ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் ஹப்பின் மேல் வழுக்கும். ஏசி போட்டதும் பெல்ட் கீச்சென்று கத்தும். பேட்டரி விளக்கு எரிந்து எரிந்து அணையும். வளையம் பின்னால் நகர்ந்தால் டைமிங் கவரை, அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் செயின் அல்லது பெல்ட்டின் மூடியை, தேய்க்கும். டைமிங் மார்க் வெளி வளையத்தில் இருக்கிற எஞ்சின் என்றால் அந்த மார்க் இனி பொய் சொல்லும். நிறைய பேர் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றி, ஆல்டர்னேட்டரைக் கழற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் புல்லியைப் பார்க்கிறார்கள்.

சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, புல்லியின் முகத்தில் ஹப், ரப்பர், வெளி வளையம் மூன்றையும் தொடும்படி வெள்ளைப் பெயிண்டில் ஒரே நேர்கோடு போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஏசி போட்டு வழக்கம்போல ஓட்டுங்கள். கோடு நேராகவே இருந்தால் ரப்பர் பிடித்திருக்கிறது. வெளிக்கோடு ஒரு பக்கம், உள்கோடு ஒரு பக்கம் என்று விலகியிருந்தால் அந்தப் புல்லி முடிந்தது. அதற்கு மேல் சீலா புல்லியா என்ற பேச்சே வேண்டாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் புல்லி தள்ளாடுவதும் தெரியும். பார்க்கும்போது கையையும் துண்டையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றும் மணலும்

காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். ரயில்வே அவ்வளவு செலவழித்துத் தாங்குகிற காற்றில்தான் நம் வண்டி ராத்திரியெல்லாம் வாசலில் நிற்கிறது.

இந்தக் காற்று முன் சீலை நேராகத் தாக்குவதில்லை. கழற்றிய புல்லியின் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீலின் உதட்டுக்கு, அதாவது கழுத்தைத் தொட்டு உரசும் அதன் உள்விளிம்புக்கு, உள்பக்கம் ஆயில் நனைந்து புதுச் சாமான் மாதிரி பளபளக்கும். வெளிப்பக்கம் செம்பழுப்பாகத் துரு ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவே தலைமுடி அகலத்தில் ஒரு சாம்பல் கோடு. உதடு உட்கார்ந்திருந்த இடம் அதுதான். கடலுக்குத் தள்ளி ஓடும் வண்டிகளில் அந்தக் கோடு வெறும் தேய்மானமாக இருக்கும். இங்கே துரு வெளியிலிருந்து அந்தக் கோட்டை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. கோட்டைத் தொட்டுவிட்டால் சின்னச் சின்னக் குழிகள் விழும். அதன் மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஆயில் வழி கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது மணல். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததிலிருந்து எல்லாக் காரும் முனை வரை போகிறது. காற்று அடிக்கிற மாதங்களில் சாலையின் மேல் மணல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்விஃப்ட், டிசையர் மாதிரி எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் கிராங்க் புல்லி பெரும்பாலும் வலப்பக்க முன்சக்கரக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் மணலுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டிதான் மறைப்பு. எந்தச் சர்வீஸிலோ கிளிப் உடைந்து, அந்தத் தட்டி பாதி வண்டிகளில் இருப்பதே இல்லை. டவேரா, பொலிரோ மாதிரி எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில் புல்லி ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பதால் மணல் தொல்லை குறைவு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கதை வேறு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், கார் தார்ப்பாய்க்குள் மாதக்கணக்கில் நிற்கும். ஓடாத வண்டிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நிற்கிற வண்டியில் கழுத்தில் இருந்த ஆயில் வடிந்துவிடுகிறது, உதட்டுக்கு வெளியே ஈரக்காற்று துருவை ஏற்றுகிறது, சீல் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தி இறுகுகிறது. லீவுக்கு வந்த மச்சான் சாவியைத் திருப்பிய முதல் நாளே தரையில் சொட்டு விழுந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பேட்டரிக்காகவாவது வாரம் ஒரு முறை வீட்டில் யாராவது எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டால் சீலுக்கும் அது புண்ணியம்.

சீல்தானா என்று முதலில் பாருங்கள்

முன்பக்கம் ஆயில் என்றாலே முன் சீல் என்று எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் தலையை மூடும் டாப்பெட் கவரின் பேக்கிங் கசிந்தாலும் ஆயில் வடிந்து வடிந்து புல்லிக்குத்தான் வரும். சுற்றுகிற புல்லி அதை நாலாபக்கமும் அடித்துவிடும். டைமிங் கவர் ஓரம், கேம் சீல், பவர் ஸ்டீயரிங் குழாய் எல்லாவற்றுக்கும் கடைசி இறங்குதுறை அந்த இடம்தான். டீசலும் பிரஷும் கொண்டு முன்பக்கத்தை நன்றாகக் கழுவி, துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துப் பார்த்தால் பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைகிறது என்று தெரிந்துவிடும். மேலிருந்து கோடாக இறங்கினால் டாப்பெட் கவர். புல்லிக்குப் பின்னால் வட்டமாக நனைந்தால் சீல்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பிரீதர். கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் இருக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்குள், சேரும் அழுத்தம் வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் அதிகமாகப் புகை தள்ளினாலோ, உள்ளழுத்தம் இருப்பதிலேயே இளகின இடத்தைத் தேடி ஆயிலைத் தள்ளும். பெரும்பாலும் அது சீல் உதடாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய பழைய டீசல் வண்டியில் பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீல் மட்டும் மாற்றினால் பணம் தண்டம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பேச்சு சீலைப் பற்றியதே இல்லை, எஞ்சின் வேலையைப் பற்றியது.

ஆயில் ஊற்றி ஓட்டுவது

இதை எல்லோரும் திட்டுகிறார்கள், நான் முழுசாகத் திட்ட மாட்டேன். டைமிங் செயின் உள்ள எஞ்சின், வெள்ளைக் கோட்டுச் சோதனையில் புல்லி தேறிவிட்டது, கசிவு ஈரமாக மட்டும் இருக்கிறது, தரையில் சொட்டவில்லை என்றால் ஆடி அமாவாசைக் கூட்டம் முடியும்வரை வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். சவாரி இருக்கிற நாளில் வண்டியைப் படுக்கவைக்க எந்த டிரைவருக்கும் மனசு வராது.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சீல் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஆயில் பெல்ட்டில் படும். ஆயிலில் ஊறிய பெல்ட் உப்பும், பல் உதிரும். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும். சில நூறு ரூபாய்ச் சீலுக்காக ஹெட்டை இறக்க வேண்டி வரும். அந்த மாதிரி வண்டியில் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே கழற்றலில் முடிப்பதுதான் கணக்கு.

சீல் மட்டும்

கழுத்தில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். நகம் எங்கும் மாட்டவில்லை, துரு கோட்டை எட்டவில்லை, ரப்பரில் வெடிப்பு இல்லை, பத்து வருடம் தாண்டிய பழைய புல்லியும் இல்லை என்றால் சீல் மட்டும் போதும். நல்ல புல்லியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வெளிப்புறத் துருவை மட்டும் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிடலாம்.

எமரி போடும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கழுத்தை முன்னும் பின்னும் தேய்த்தாலோ, சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தினாலோ, மரை மாதிரி நுண்ணிய சாய்ந்த கோடுகள் விழும். எஞ்சின் சுற்றும்போது அந்தக் கோடுகள் ஸ்குரூ பம்ப் வேலை பார்த்து ஆயிலை உதட்டுக்கு வெளியே தள்ளும். புதுச் சீல், நல்ல கம்பெனி, ஆனால் ஒரே வாரத்தில் கசிவு என்று புலம்புகிறவர்கள் பலரின் புல்லியில் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். எமரியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு வட்டமாக மட்டும் சுற்ற வேண்டும்.

நகம் லேசாக மாட்டுகிறது, ஆனால் ஆழம் இல்லை என்றால் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. புதுச் சீலைப் பழைய ஆழத்துக்கு அடிக்காமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தினால் உதடு தேயாத இடத்தில் உட்காரும். சீல் உட்காரும் குழிக்கு அந்த அளவு இடம் இருக்க வேண்டும், சீல் கோணாமல் சமமாக நிற்க வேண்டும். இங்கே முன்னால் நிறுத்தும்போது துருப் பக்கம் நகர்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழமாக இருந்து உள்பக்கம் தள்ள முடிந்தால் நம் ஊருக்கு அதுவே நல்லது. ஆயில் திரும்பும் துளையை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீலில் சாதாரண நைட்ரைல் ரப்பரும் கிடைக்கும், வைட்டானும் கிடைக்கும். வைட்டான் கூடுதல் சூடு தாங்கும், விலையும் கூடுதல். கூலி ஒன்றே என்னும்போது சீலில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. உதடு ரப்பராக இருந்தால் மாட்டும் முன் ஆயில் தடவ வேண்டும். உதடு வெள்ளையாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பான டெஃப்லான் வகையாக இருந்தால் ஆயிலே படக் கூடாது, காய்ந்தபடியே மாட்ட வேண்டும், உடனே ஸ்டார்ட்டும் பண்ணக் கூடாது. கவரோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டுகிற நேரம் வரை கழற்றாதீர்கள். எல்லாச் சீலுக்கும் கிரீஸ் அப்பிப் பழகிய கைக்கு இதைப் பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

ஸ்லீவ்

நகம் நன்றாக மாட்டுகிறது, ஆனால் ரப்பர் திடமாக இருக்கிறது. புதுப் புல்லிக்கு மதுரையிலும் இல்லை, வர நாளாகும் என்கிறார்கள். இந்த இடத்தில் ஸ்லீவ் நல்ல வழி. ரெடிமேடாக வரும் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவின் சுவர் 0.28 மில்லிமீட்டர் கனம்தான். அதனால் பழைய அளவுச் சீலே பொருந்தும். பள்ளத்தில் உலோகப் பசை வைத்து நிரப்பி, ஸ்லீவை நேராக ஏற்ற வேண்டும். கழுத்தில் துரு ஏறவும் இனி வழியில்லை. கடற்கரை வண்டிக்கு அந்த வகையில் அசல் புல்லியை விடவும் இது ஒரு படி மேல் என்பேன். குறை என்னவென்றால், கழுத்தின் விட்டத்தை வெர்னியரில் சரியாக அளந்து அந்த அளவு ஸ்லீவ் தேடிப் பிடிக்க வேண்டும். சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது.

லேத்துப் பட்டறையில் கடைந்து போடும் ஸ்லீவ் வேறு வகை. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகு எஞ்சினுக்கும் புரொப்பல்லர் சாஃப்டுக்கும் வேலை பார்த்துக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கழுத்தைக் கொஞ்சம் கடைந்து குறைத்து, தடித்த ஸ்லீவைச் சூடேற்றி இறக்குவார்கள். வேலை திடமாக இருக்கும். ஆனால் படகு சாஃப்ட் சுற்றும் வேகம் வேறு, கார் கிராங்க் சுற்றும் வேகம் வேறு. மையம் தலைமுடி அளவு விலகினாலும் உதடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும். லேத்து உளி விட்ட கோடு அப்படியே இருந்தால் மேலே சொன்ன ஸ்குரூ பம்ப் கதைதான். கடைசியில் கிரைண்ட் செய்து தருவதாக இருந்தால் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள். படகெல்லாம் கரையேறி எஞ்சின் வேலை குவிந்து கிடக்கும், ஒரு கார்ப் புல்லிக்காக யாரும் லேத்தை நிறுத்த மாட்டார்கள்.

புல்லியும் சீலும் சேர்த்து

ரப்பர் போயிருந்தால் வேறு வழியில்லை. ரப்பர் நன்றாக இருந்து கழுத்தில் துருக்குழி விழுந்திருந்தாலும், ஸ்லீவ் கிடைக்காத பட்சத்தில் இதுதான். வண்டி பத்து வருடத்தைத் தாண்டியிருந்து புல்லி ஒரு தடவைகூட மாறவில்லை என்றால், நகம் மாட்டாவிட்டாலும் நான் மாற்றச் சொல்வேன். எஞ்சின் குறுக்கே இருக்கும் வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றி, ஒரு சாண் இடைவெளிக்குள் கையை விட்டுச் செய்கிற வேலை இது; ரப்பருக்காக அதே வேலையை மறுபடியும் செய்வதில் யாருக்கும் லாபமில்லை.

காசு கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த எஞ்சினில் சீல் உதடு புல்லிக் கழுத்தில் ஓடுகிறதா, கிராங்க்கிலேயே ஓடுகிறதா? சில எஞ்சின்களில் கிராங்க் முனையிலோ டைமிங் கியரை ஒட்டிய வளையத்திலோ ஓடும். அங்கே தேய்மானம் இருந்தால் புதுப் புல்லி வாங்கிப் போட்டும் கசிவு நிற்காது. சீலின் ஆழத்தை மாற்றுவதும் ஸ்லீவும்தான் அப்போது மிச்சம்.

புல்லி எங்கே வாங்குவது என்றால், கம்பெனி சாமான் அல்லது அந்தக் கம்பெனிக்கே சப்ளை செய்யும் பெயர் தெரிந்த பிராண்ட். ராமநாதபுரத்தில் சொல்லிவைத்தால் மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். பெட்டியைப் பிரித்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிகளின் எண்ணிக்கை, கழுத்தின் நீளம், கிராங்க் சென்சாருக்குப் பல் இருந்தால் அந்தப் பல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மலிவுப் புல்லியில் வெளி வளையத்தின் கனத்தில்தான் கை வைப்பார்கள். கனம் குறைந்தால் அதிர்வை வாங்கும் கணக்கே மாறிவிடும்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய புல்லி மலிவாகக் கிடைக்கும். கதவு, விளக்கு எல்லாம் பழையது வாங்கலாம், வாங்கியும் இருக்கிறேன். ரப்பர் சமாச்சாரத்தைப் பழையதாக வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

வேண்டவே வேண்டாதவை இரண்டு. ஒன்று, வெளி வளையத்தையும் ஹப்பையும் வெல்டிங் வைத்து ஒட்டுவது. இரண்டு, ரப்பரே இல்லாமல் லேத்தில் ஒரே இரும்பாகக் கடைந்து போடுவது. இரண்டிலும் பெல்ட் ஓடும், கத்தல் நிற்கும், வண்டி ரொம்ப நன்றாக இருப்பதாகவே தோன்றும். முறுக்கு அதிர்வு மட்டும் கிராங்க்குக்குள்ளேயே தங்கிக்கொண்டிருக்கும். உலோகச் சோர்வு வெளியே தெரியாது; கிராங்க் வெடித்த பிறகுதான் தெரியும். சில சிறிய எஞ்சின்களில் கம்பெனியே வெறும் இரும்புப் புல்லி போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தக் கிராங்க்கை அதற்கேற்ப வடிவமைத்திருக்கிறார்கள்.

யார் கையில் கொடுப்பது

சாவி (கிராங்க்கின் மேல் புல்லி நழுவாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு காடியில் வைக்கும் சின்ன இரும்புத் துண்டு) வைத்து நிற்கும் புல்லி, செயின் எஞ்சின், நீளவாக்கு அமைப்பு என்றால் ஊரில் நம்பிக்கையான மெக்கானிக்கே போதும். கூலி குறைவு என்பதை விடப் பெரிய லாபம், கழற்றிய கழுத்தை உங்கள் கண்ணால் பார்க்கலாம். கம்பெனி சர்வீஸில் பெரும்பாலும் சாமானைப் பையில் போட்டுத்தான் காட்டுவார்கள். ஆனால் சில ஃபோர்டு பெட்ரோல் எஞ்சின்களில் கிராங்க்கில் சாவியே கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கைப் பிடித்து நிற்கிறது. அந்த போல்ட்டைத் தளர்த்திய நிமிஷம் டைமிங் போய்விடும். பூட்டும் கருவிகள் இல்லாத இடத்தில் அதில் கை வைக்கக் கூடாது. அந்த வண்டியை மதுரைக்கு ஓட்டிப் போகும் பெட்ரோல் செலவு நியாயமான செலவு.

யாரிடம் கொடுத்தாலும் மூன்று நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் நல்ல ரப்பரும் பிய்ந்துவிடும். ஹப்பில் இருக்கும் துளைகளில் போல்ட் போட்டுத்தான் இழுக்க வேண்டும். மாட்டும்போது சுத்தியலால் அடிக்கக் கூடாது. நடு போல்ட்டைக் கழற்ற ஸ்பானரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுகிற வித்தை வேண்டாம், ஸ்பானர் தெறித்தால் யார் முகம் என்று சொல்ல முடியாது. சில எஞ்சின்களில் இடது மரை வேறு இருக்கும், திசை தெரியாமல் குழாய் சொருகி மிதித்தால் போல்ட் முறியும். உப்பு ஏறிய வண்டியில் அலுமினிய டைமிங் கவரும் இரும்பு போல்ட்டும் வெள்ளைப் பொடி பூத்துக் கட்டிப்பிடித்திருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். கவர் போல்ட் ஒன்று முறிந்தால் அதைத் துளையிட்டு எடுக்கும் கூலி சீல் வேலையையே தாண்டிவிடும். கூலி பேசும்போதே அதைத் தனியாகப் பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

நடு போல்ட்டை அந்த எஞ்சினின் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கும் விசை அளவுக்கு), அதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். சில எஞ்சின்களில் டார்க்குக்குப் பிறகு கோணக் கணக்கில் இன்னும் திருப்பச் சொல்வார்கள். அந்த வகைப் போல்ட் பெரும்பாலும் நீண்டுவிடும், புதுசு போடுவதே முறை. இம்பாக்ட் கன்னில் இரண்டு தட்டுத் தட்டி முடிப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். போல்ட் தளர்ந்தால் சாவி தின்னும், சாவிக்காடி அகலும், பிறகு பேச்சு புல்லியிலிருந்து கிராங்க்குக்குப் போய்விடும். சாவிக்காடி வழியாகவே ஆயில் கசியும் எஞ்சின்களும் உண்டு. அதில் மாட்டும் முன் காடியில் ஒரு பொட்டு சீலன்ட் வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தினம் தனுஷ்கோடி ஓடும் டாக்ஸிக்குப் புல்லி, சீல், பெல்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவேன். ஒரு நாள் சவாரி போனாலும் சீசன் நடுவே படுக்காது. கீழக்கரையில் நிற்கும் வீட்டுக் காருக்குக் கழுத்தைப் பார்த்துவிட்டு, ரப்பர் நன்றாக இருந்தால் துருப்பிடிக்காத ஸ்லீவும் வைட்டான் சீலும். உச்சிப்புளி, ராமநாதபுரம் பக்கம் கடலுக்குச் சற்றுத் தள்ளி ஓடும் குறைந்த வயது வண்டிக்குச் சீல் மட்டும். விற்கப்போகிற வண்டி என்றால் பிரீதரைச் சுத்தம் செய்து, சீலை மாற்றி, வாங்குகிறவரிடம் புல்லி பழையது என்று சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்து ஒரு வாரம் ஓடிய பிறகு புல்லிக்குப் பின்னால் பழைய துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். புதுப் புல்லியிலும் அதே வெள்ளைக் கோட்டைப் போட்டு வைத்தால் அடுத்த தடவை சோதிக்கச் சுலபம். சக்கரக் குழியில் அந்தப் பிளாஸ்டிக் தட்டி இல்லையென்றால் அன்றைக்கே வாங்கி மாட்டச் சொல்லுங்கள். கிளிப் தீர்ந்துபோச்சு, அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கலாம் என்பார்கள்; கிளிப்பைத் தேடி எடுக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.